வருடப் பணம் கட்டியாயிற்று. நெட் கனெக்‌ஷனை மாற்றலாமா?

கரூர் மாவட்டத்தில் இருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வாடகை வீட்டின் மாடிப் போர்ஷனில் குடும்பத்தோடு இருக்கிறார். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். மகள் பிளஸ் டூ. டிவி கேபிளும் இன்டர்நெட்டும் அதே தெருவில் இருக்கும் கேபிள் ஆபரேட்டரிடம்தான். கணவருக்குப் பழக்கமானவர் என்பதால் கடிதம் முழுக்க அவரை "அண்ணன்" என்றே எழுதுகிறார். இவர்கள் குடிவந்தபோது, முன்பு இருந்தவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்த கனெக்‌ஷனையே ஆபரேட்டர் தொடர்ந்து கொடுத்துவிட்டார். ரவுட்டர் மட்டும் புதிது. அதற்கு டெபாசிட் 1,500 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். வருட பிளான் போட்டால் லாபம் என்று அவர் சொன்னதால், மாதம் 500 வீதம் 12 மாதத்துக்கு, ஜி.எஸ்.டி.யோடு 7,080 ரூபாயை அவருடைய எண்ணுக்கே ஜிபே செய்திருக்கிறார். எதற்கும் பில் இல்லை.

ஏழு மாதம் ஓடிவிட்டது. மழை தூறினால் நெட் போய்விடுகிறது. தெருவில் கரண்ட் போனாலும் போய்விடுகிறது. நன்றாக இருக்கும் நாட்களில்கூட இரவு ஏழு மணிக்கு மேல் வீடியோ மீட்டிங் பாதியில் நின்றுவிடுகிறது. ஆபீஸ் மேனேஜர் கண்டித்து மெயில் போட்டுவிட்டார். இந்த நேரம் பார்த்து வேறொரு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வீட்டுக்கு வந்திருக்கிறார். 200 எம்பிபிஎஸ் வேகம், ரவுட்டர் இலவசம், ஆறு மாதம் கட்டினால் மூன்று மாதம் சும்மா, இப்போதுள்ள லேண்ட்லைன் நம்பரையே வைத்துக்கொள்ளலாம், பழைய கனெக்‌ஷனையும் நாங்களே மூடிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்.

ஆபரேட்டரிடம் பேச்செடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டதாம். "வருட பிளான் பணம் திரும்ப வராது. பாதியில் போனால் டெபாசிட்டும் கிடையாது. கனெக்‌ஷனே உங்கள் பெயரில் இல்லை, நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்? டெலிகாம் விஷயத்துக்கு கன்ஸ்யூமர் கோர்ட்டும் கிடையாது. இந்தத் தெருவில் இன்னொருத்தன் ஒயர் எப்படி வருகிறது என்று பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

"போனால் போகட்டும் என்று சத்தமில்லாமல் மாறிவிடவா? இல்லை, பாக்கி ஐந்து மாதத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டவா?" என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட இரண்டுமே வேண்டாம். உங்கள் சம்பளமே இந்த லைனை நம்பி இருக்கும்போது இன்னும் ஐந்து மாதம் இப்படியே ஓட்டுவது சரியில்லை. சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போனாலோ, பணம் மட்டும் போகாது. வேறொருவர் பெயரில் உள்ள ஒரு கணக்கு மூடப்படாமல் உங்கள் வீட்டு முகவரியில் நிற்கும். அந்த ரவுட்டரும் உங்களிடம் இருப்பதாகவே, ஆபரேட்டர் மூலம் உங்களுக்கு இணையம் தரும் கம்பெனியின் கணக்கில் இருக்கும். தாராளமாக மாறுங்கள். ஆனால் புதிய லைன் வீட்டுக்கு வந்து சில நாள் ஒழுங்காக ஓடட்டும். அதற்குப் பிறகு பழையதை எழுத்து மூலம் மூடுங்கள். அந்த எழுத்தும் ஆபரேட்டருக்கு மட்டும் இல்லாமல் கம்பெனிக்குப் போக வேண்டும். என்னிடம் வரும் இணைய இணைப்புத் தகராறுகளில் பெரும்பாலானவை வாயால் "நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர்களுடையவைதான்.

முதலில், கோளாறு எங்கே இருக்கிறது?

கம்பெனியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உங்கள் விஷயத்தில் அது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். பின்னால் புகார் கொடுக்கும்போது இந்தச் சோதனைதான் உங்கள் சாட்சி.

வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் ஒயரைப் பாருங்கள். அது மெல்லியதாக இருந்து, நுனியில் பச்சை அல்லது நீல நிறச் சின்ன பிளாஸ்டிக் கனெக்டரோடு பெட்டியில் சேர்ந்தால் ஃபைபர். அப்படியில்லாமல், கம்ப்யூட்டருக்குப் போடும் லேன் ஒயர் போலத் தடியாக இருந்து, டெலிபோன் ஜாக்கைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி போன்ற முனையோடு நேராக ரவுட்டரில் செருகியிருந்தால், உங்களுக்கு ஃபைபர் என்று சொல்லி விற்றது தெருவோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். கம்பத்தில் தொங்கும் ஒரு சின்னப் பெட்டியில் இருந்து சாதாரண ஒயரில் உங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். தெருவில் கரண்ட் போனால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் வராது. மழைத் தண்ணீர் இறங்கினாலும் அதே கதி. நீங்கள் எழுதியிருப்பது இதைப் போலத்தான் தெரிகிறது. ஃபைபராக இருந்தால், நெட் போகும்போது பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று போட்ட விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்து போட்டோ எடுங்கள். எரிந்தால் கோளாறு வெளியே, லைனில்.

இரவு வேகம் குறைவது வேறு விஷயம். லேப்டாப்பை லேன் ஒயரில் நேராக ரவுட்டரில் இணைத்துக் காலையில் ஒரு முறையும் இரவு எட்டரைக்கு ஒரு முறையும் வேகத்தைச் சோதியுங்கள். ஒயரில் வேகம் நன்றாக வந்து, நீங்கள் வேலை செய்யும் அறையில் மட்டும் வைஃபை இழுத்தால், கோளாறு ரவுட்டரிலோ அது இருக்கும் இடத்திலோ இருக்கிறது. அதைப் புதிய கம்பெனியும் தீர்க்காது. ஒயரிலேயே இரவில் வேகம் விழுந்தால், ஒரே லைனில் அளவுக்கு மேல் வீடுகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அந்த வேகச் சோதனைப் பக்கத்தில் இன்னொரு பயனும் உண்டு. உங்களுக்கு உண்மையில் இணையம் தரும் கம்பெனியின் பெயர் அதில் வரும். பில் இல்லாத உங்களுக்கு அந்தப் பெயர் முக்கியம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வேறொருவர் பெயரில் இருப்பது

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது இதுதான். நீங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, "உங்கள் பெயரில் இல்லை, அதனால் கேட்க முடியாது" என்று ஆபரேட்டர் சொல்வது சட்டப்படி நிற்காது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), பணம் கொடுத்துச் சேவையைப் பெறுபவரை நுகர்வோர் என்கிறது. அவருடைய சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. உங்கள் விஷயத்தில் பணம் கொடுத்ததே நீங்கள்தான், ஜிபே பதிவு இருக்கிறது. இந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் அவரும் வாங்கினார். வீட்டில் இருந்து சம்பள வேலை பார்ப்பதால் இது வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோர் இல்லை என்று யாராவது கிளப்பினால் அதற்கும் பயப்பட வேண்டாம்.

ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பெனியின் கணக்கில் நீங்கள் யாரோ. மூடச் சொல்லி நீங்கள் போன் செய்தால், பதிவு செய்த மொபைல் எண்ணில் இருந்து பேசுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்பார்கள். அந்த எண் முன்பு குடியிருந்தவருடையது. ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்டு அந்தப் பழைய குடித்தனக்காரரின் எண்ணை வாங்குங்கள். அவருக்கும் இது அவசரமான விஷயம் என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் பெயரில் உள்ள லைனில் நாளை யாராவது தவறு செய்து போலீஸ் விசாரணை வந்தால், கம்பெனி முதலில் கொடுக்கும் பெயரும் முகவரியும் கணக்கில் உள்ளவருடையதாகத்தான் இருக்கும். இதைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் உடனே ஒத்துழைப்பார்கள். "இந்த இணைப்பை இன்ன தேதியில் இருந்து நான் பயன்படுத்தவில்லை, மூடிவிடவும், மீதித் தொகையையும் டெபாசிட்டையும் இப்போது பயன்படுத்தி வருபவருக்குத் திருப்பித் தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று அவருடைய மின்னஞ்சலில் இருந்து கம்பெனிக்கு நாலு வரி போனால் போதும்.

புதிய இணைப்பு உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோதான் இருக்க வேண்டும். "ஆதார் எல்லாம் வேண்டாம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜெராக்ஸ் கொடுக்கும்போது அதன் குறுக்கே "இன்ன கம்பெனியின் இணைய இணைப்புக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஓ.டி.பி. வந்தால் அது எதற்கு என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எந்தப் பணம் திரும்பும், எது திரும்பாது

மூன்று வகைப் பணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், ஆபரேட்டரும் அப்படித்தான் பேசியிருக்கிறார்.

டெபாசிட் உங்கள் பணம். ரவுட்டரை நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்கும்போது அது திரும்ப வர வேண்டும். ஒரு வருடம் ஆகாததால் டெபாசிட்டை வைத்துக்கொள்வேன் என்பது அபராதம் போடுவதற்குச் சமம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-இன்படி, ஒப்பந்தத்தில் அபராதம் என்று எழுதியே இருந்தாலும் நியாயமான அளவு இழப்பீடுதான் கேட்க முடியும். உங்களிடம் அப்படி எழுதி வாங்கியதே இல்லை. இதில் உங்கள் பலவீனம், ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சாட்சி இல்லாதது. அதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. சண்டை முற்றுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்: "அண்ணா, ரவுட்டர் டெபாசிட் 1,500 ரூபாய் எப்போது திரும்பக் கிடைக்கும்?" அவர் "டெபாசிட் வராது" என்று பதில் போட்டால்கூட, டெபாசிட் வாங்கியதை ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தாப் பணம் அவ்வளவு நேரானது இல்லை. உங்கள் பாக்கி ஐந்து மாதத்துக்கு 2,950 ரூபாய். வேறொரு கம்பெனி மலிவாகத் தருகிறது என்பதற்காக நீங்கள் விலகினால், முன்பணம் திரும்பாது என்ற நிபந்தனையைக் கம்பெனி காட்டலாம், அதில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் நீங்கள் விலகுவது சேவை ஒழுங்காக இல்லாததால். அது சேவைக் குறைபாடு. அதற்கு மீதிப் பணத்தோடு இழப்பீடும் கேட்கலாம். அப்படிக் கேட்க, குறைபாடு இருந்ததைக் காட்ட வேண்டும். ஆகவே கடிதத்தில் "அடிக்கடி போய்விடுகிறது" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று இன்றிலிருந்து ஒரு நோட்டில் குறியுங்கள். கடந்த மாதங்களுக்கு, ஆபரேட்டருக்கு நீங்கள் போட்ட "அண்ணா நெட் இல்லை" செய்திகளே தேதி வாரியான பட்டியல்தான். மேனேஜர் கண்டித்த மெயிலையும் எடுத்து வையுங்கள். வேலையில் பாதிப்பு என்று வாயால் சொல்வதைவிட அந்த ஒரு மெயில் கனமானது.

இணைப்புக் கட்டணம் என்று ஏதாவது கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். அந்த வேலை முடிந்துவிட்டது.

பில் தராததைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. என்று சொல்லி 18 சதவீதம் சேர்த்து வாங்கியவர் பில் தரக் கடமைப்பட்டவர். பில் தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(47) பட்டியலிடுகிறது. பில் கேளுங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள். ஆபரேட்டர் உங்கள் வருடப் பணத்தைக் கம்பெனிக்கு மாதாமாதம்தான் கட்டிவருகிறாரா என்பதும் அப்போது வெளியே வரும். அப்படி நடந்திருந்தால் பாக்கி ஐந்து மாதப் பணம் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

"எனக்கு ஒன்றும் தெரியாது, ஆபரேட்டரைக் கேளுங்கள்" என்று கம்பெனி தட்டிக்கழித்தால் விட்டுவிடாதீர்கள். அவர் கம்பெனியின் ஆளாகத்தான் உங்களிடம் லைன் விற்றார். முகவர் செய்த ஒப்பந்தம் முதலாளியைக் கட்டுப்படுத்தும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 226. புகாரில் இருவரையும் சேர்த்தே எழுதுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாதா?

போகலாம். கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாது என்று ஆபரேட்டர் சொன்னது முழுக்க அவருடைய கற்பனை இல்லை; ஒரு காலத்தில் அப்படி இருந்தது. 2009-இல் எம். கிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் பிரிவு 7பி தனி வழி சொல்லியிருப்பதால் டெலிபோன் பில் தகராறுகள் நுகர்வோர் மன்றத்துக்கு (இப்போதைய நுகர்வோர் ஆணையம்) வராது என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டிப் பல ஊர்களில் புகார்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2022 பிப்ரவரி 16 அன்று நிலைமை தெளிவானது. அகமதாபாத்தில் அஜய் குமார் அகர்வால் என்ற வாடிக்கையாளருக்கு மாதம் சராசரியாக 555 ரூபாய் வந்துகொண்டிருந்த மொபைல் பில், ஒரு மாதம் 24,609 ரூபாயாக வந்தது. மாவட்ட மன்றத்தில் அவர் தொடுத்த வழக்கு, விசாரிக்க அதிகாரம் உண்டா என்ற கேள்வியிலேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதிகள் சந்திரசூட், சூர்ய காந்த், விக்ரம் நாத் அமர்வு, நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் உரிமையைத் தந்திச் சட்டம் பறிக்கவில்லை என்று சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் சட்டத்திலோ, சேவை என்பதன் விளக்கத்திலேயே தொலைத்தொடர்பு என்ற சொல் இருக்கிறது.

ஆனாலும் முதல் படி ஆணையம் இல்லை. கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்குங்கள். எண் தராமல் "பார்க்கிறோம் மேடம்" என்றால் அது புகாரே இல்லை. பதில் திருப்தி இல்லையென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீட்டு அலுவலரிடம் 30 நாட்களுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேரடியாக எழுதினால் தீர்வு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். டிராய் விதி வகுக்கும் அமைப்பு, தனிப்பட்ட புகார்களை விசாரித்துத் தீர்ப்பது அதன் வேலை இல்லை. அதற்குப் பதில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உங்களுடையது போன்ற சிறிய தொகைகள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட நல்ல வாய்ப்பு உண்டு.

முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மொத்தம் 4,450 ரூபாய்க்காக இத்தனை நடையா என்று உங்களுக்குத் தோன்றும். அந்த முடிவை இப்போதே எடுக்க வேண்டாம். இரண்டு வருடம் கதவு திறந்திருக்கிறது. இப்போது செய்ய வேண்டியது, பின்னால் போக நினைத்தால் போக முடிகிற அளவுக்குக் காகிதங்களைச் சேர்த்துவைப்பது மட்டும்தான்.

புதிய கம்பெனியின் வாக்குறுதிகள்

லேண்ட்லைன் எண்ணை மாற்றித் தருவேன் என்றது தவறு. கம்பெனி மாறினாலும் எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி, 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது மொபைலுக்கு மட்டும். லேண்ட்லைனுக்கு அது இல்லை. ஆகவே பழைய லைனை மூடுவதற்கு முன், மகளின் பள்ளி, கேஸ் ஏஜென்சி, வங்கி என்று அந்த எண்ணைக் கொடுத்த இடங்களில் எல்லாம் மொபைல் எண்ணை மாற்றிவிடுங்கள். இதே விஷயத்தில் தவறாகச் சொன்னவர், பழைய கணக்கை நாங்களே மூடிவிடுவோம் என்பதையும் செய்யப் போவதில்லை. அது உங்கள் வேலை.

200 எம்பிபிஎஸ் உங்களுக்குத் தேவையே இல்லை. ஒரு வீடியோ மீட்டிங்குக்கு நாலைந்து எம்பிபிஎஸ் தாராளம். மகள் பாடம் பார்க்க, டிவியில் படம் ஓட எல்லாம் சேர்த்தாலும் 50 போதும். உங்களுக்கு வேண்டியது அறுந்து போகாத லைன். அதனால் அவரிடம் வேகத்தைக் கேட்காமல் இதைக் கேளுங்கள்: லைன் அறுந்தால் யார் வந்து ஒட்டுவார்கள்? நம் ஊர்களில் பல கம்பெனிகளின் லைனை ஒரே ஆபரேட்டர்தான் பராமரிக்கிறார். பி.எஸ்.என்.எல். ஃபைபர்கூடப் பல இடங்களில் உள்ளூர்ப் பங்குதாரர் மூலமாகவே வருகிறது. புதிய கம்பெனியின் லைனும் கடைசியில் உங்கள் அண்ணன் கையில் வந்து முடிந்தால், நீங்கள் மாற்றியது பெயர்ப்பலகையை மட்டும்தான். தெருவில் ஏற்கெனவே அந்தக் கம்பெனி லைன் வைத்திருக்கும் இரண்டு வீட்டில் மழை நாளில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், விளம்பரத்தைவிட நல்ல பதில் கிடைக்கும்.

முதலில் ஒரு மாத பிளான் போடுங்கள். ஆறு மாதம் கட்டினால்தான் இன்ஸ்டலேஷன் இலவசம் என்றால், அந்தக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் பார்ப்பது நல்லது; இப்போது மாட்டிக்கொண்டிருப்பதே முன்பணத்தால்தானே. விலையை ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், 499 என்றால் கையை விட்டுப் போவது 589. அன்லிமிடெட் என்பதற்கும் மாத எல்லை உண்டு. பல கம்பெனிகள் 3,300 ஜிபி என்று வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டில் அதைத் தொட மாட்டீர்கள், ஆனால் சில மலிவு பிளான்களில் அந்த எல்லை மிகக் குறைவு. இலவச ரவுட்டர் உங்களுக்குச் சொந்தமா, விலகும்போது திருப்பித் தர வேண்டுமா என்பதை மெசேஜில் கேட்டு வாங்குங்கள். பணத்தைக் கம்பெனியின் ஆப்பிலோ இணையதளத்திலோ கட்டுங்கள், யாருடைய சொந்த எண்ணுக்கும் வேண்டாம். சுவரில் துளை போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆபரேட்டரோடு எப்படி நடந்துகொள்வது

"இன்னொருத்தன் ஒயர் எப்படி வருகிறது பார்க்கிறேன்" என்பதைக் கேட்டுப் பயந்திருக்கிறீர்கள். தெரு அவருடையது இல்லை. கம்பங்கள் மின்வாரியத்துடையவை அல்லது உள்ளாட்சியுடையவை. ஒயர் கொண்டுபோக அனுமதி தருவதும் அவர்கள்தான். இதற்கு 2025 ஜனவரி 1 முதல் வழியுரிமை விதிகள் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளன. அனுமதி வாங்குவது புதிய கம்பெனியின் பொறுப்பு, நீங்கள் அதில் தலையிட வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வரும் ஒயரை யாராவது வெட்டினால் அது குற்றம். போட்டோ எடுத்து, கம்பெனியைப் போலீசில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் கையெழுத்திடலாம்.

ஆனால் அந்த அளவுக்குப் போகாமல் முடிவதுதான் எல்லாருக்கும் நல்லது. பெரிய கம்பெனிகள் வீடு வீடாக வந்த பிறகு சிறிய ஆபரேட்டர்களுக்குப் பிழைப்பு கடினமாகிவிட்டது. அவருடைய கோபத்தில் அந்தப் பயமும் இருக்கிறது. உங்கள் கணவர் நேரில் போய், "ஆபீஸில் வேலைக்கே பிரச்சினை வருகிறது, அதனால் மாற்றுகிறோம், டிவி கேபிள் உங்களிடமே இருக்கட்டும்" என்று சொல்லட்டும். டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் கணக்கு வேறு. ஒன்றை விட்டால் இன்னொன்றையும் வெட்டுவேன் என்று அவர் சொல்ல முடியாது. மீதிப் பணத்தில் அவர் பாதியாவது தர முன்வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுவேன். டெபாசிட்டில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ரவுட்டரைக் கொடுக்கும்போது பெட்டி, அடாப்டர் எல்லாவற்றையும் வைத்து, அடியில் உள்ள சீரியல் எண் தெரிய ஒரு போட்டோ எடுத்து, "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், வாங்கிக்கொண்டதை வாட்ஸ்அப்பில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல் ரவுட்டரைக் கொடுக்காதீர்கள்.

கம்பெனிக்கு அனுப்ப ஒரு மாதிரி எழுதித் தருகிறேன். உங்கள் விவரங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்:

"இன்ன முகவரியில் உள்ள இன்ன கணக்கு எண் இணைப்பை இன்ன தேதியில் இருந்து நான் பயன்படுத்தி வருகிறேன். ஒரு வருடச் சந்தாவாக 7,080 ரூபாயை உங்கள் உள்ளூர் ஆபரேட்டருக்கு இன்ன தேதியில் ஜிபே மூலம் செலுத்தினேன்; ரவுட்டருக்கு 1,500 ரூபாய் டெபாசிட்டும் கொடுத்தேன். இரண்டுக்கும் பில் தரப்படவில்லை. இணைப்பில் தொடர்ந்து ஏற்படும் தடைகளின் தேதிவாரிப் பட்டியலை இணைத்துள்ளேன். இன்ன தேதியோடு இணைப்பை மூடவும். மீதியுள்ள ஐந்து மாதச் சந்தா 2,950 ரூபாயையும் டெபாசிட்டையும் திருப்பித் தரவும். ரவுட்டரை எங்கே, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தெரிவித்து, இதற்கான புகார் எண்ணையும் தரவும்."

மின்னஞ்சலில் அனுப்புங்கள், ஒரு பிரதியை ஆபரேட்டருக்கு வாட்ஸ்அப்பில் போடுங்கள். இதை அனுப்புவதற்கு முன்பே முந்தைய குடித்தனக்காரரிடம் பேசிவிடுங்கள். அவர் தன் மின்னஞ்சலில் இருந்து எழுதச் சம்மதித்தால், கடிதத்தின் முதல் வரியை அவர் பெயரில் மாற்றி, அவருடைய கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள். அவர் கிடைக்கவே இல்லை என்றால், அவரைத் தொடர்புகொள்ள என்ன முயற்சி செய்தீர்கள் என்பதை ஒரு வரியில் சேர்த்து, நீங்களே அனுப்பிவிடுங்கள்.